தையில் விதைத்த குடுக்கை

முதல் ஆண்டு 11 சுரைக்காய் காய்த்தன. அவற்றில் ஒன்றுகூடக் குடுக்கையாக, அதாவது முற்றிக் காய்ந்த ஓடாக, தேறவில்லை. அடுத்த ஆண்டு அதே கொல்லை, அதே விதை, அதே பந்தல். 12 காய்களைக் கொடியிலேயே விட்டுவைத்தேன். அவற்றில் 7 இன்று காய்ந்து, தட்டினால் கல்லென்று ஒலிக்கும் குடுக்கைகளாக வீட்டில் இருக்கின்றன. இரண்டு பட்டத்துக்கும் இடையில் சின்னச் சின்னதாகப் பல விஷயங்களை மாற்றினேன். ஆனால் முடிவைத் தலைகீழாக்கியது விதைத்த மாதம்தான் என்று உறுதியாக நம்புகிறேன். அந்த இரண்டு பட்டங்களின் பதிவு இது. கொடிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டைத் தொங்கவிட்டு, அன்றன்று பார்த்ததை அன்றன்றே எழுதி வைத்திருந்தேன். அதிலிருந்துதான் இந்த எண்ணிக்கைகள்.

வீடு மதுரைக்குத் தெற்கே. பின்பக்கம் 20 அடிக்கு 12 அடி கொல்லை, செம்மண் கலந்த பூமி. ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, மீதி வெறுமனே கிடந்த இடம். அங்கேதான் பந்தல் போட்டேன்.

எனக்கு வேண்டியிருந்தது கறிக்கான சுரை அல்ல. முற்றிக் காய்ந்த ஓட்டில் துளையிட்டு விளக்காகத் தொங்கவிடுவார்களே, அது. சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில் செய்யும் ஒரு குடுக்கை விளக்கை ஒரு கண்காட்சியில் பார்த்தேன். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் ஓட்டில் கோடு கோடாகச் சுட்டு, நடுநடுவே துளை போட்டிருந்தார்கள். விளக்கை ஏற்றியதும் சுவர் முழுக்கப் புள்ளிப் புள்ளியாக வெளிச்சம் விழுந்தது. அதை வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். வாங்கவில்லை. சுரை நம் வீட்டுப் பயிர்தானே, வளர்த்தே செய்யலாம் என்று தோன்றிவிட்டது.

அப்படித் தோன்றியதில் தப்பில்லை. இன்றைக்குக் குழம்புக்கு மட்டும் நினைவுக்கு வரும் சுரைக்காய், முன்பு வீட்டின் பாத்திரம். பனையேறிகள் பதநீர் இறக்கியது குடுக்கையில். விதை சேமித்தது குடுக்கையில். கிணற்றில் நீச்சல் பழகும் பிள்ளைகளின் முதுகில் கட்டியது குடுக்கையை. பாம்பாட்டியின் மகுடி குடுக்கை. தஞ்சாவூர் வீணையின் தண்டுக்குக் கீழே உருண்டையாகத் தொங்குவதும் குடுக்கைதான், இப்போது பல வீணைகளில் அது வேறு பொருளில் வந்துவிட்டாலும். மகாராஷ்டிரத்தின் மிரஜ் ஊரில் சிதாரும் தம்புராவும் இன்றும் சுரை ஓட்டில்தான் செய்கிறார்கள்.

ஓட்டின் உறுதிக்கு இன்னொரு சான்றும் உண்டு. சுரையின் தாயகம் ஆப்பிரிக்கா. ஆனால் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பே அமெரிக்கக் கண்டத்திலும் அது இருந்திருக்கிறது. மனிதர் கொண்டுபோனார்களா, கடலே கொண்டுபோனதா என்று நெடுநாள் வாதம் நடந்தது. 1954-இல் ஆய்வாளர்கள் முற்றிய சுரையை 224 நாள் கடல்நீரில் மிதக்கவிட்டு, அதற்குப் பிறகும் உள்ளே இருந்த விதை முளைத்ததைக் காட்டினார்கள். 2014-இல் வந்த மரபணு ஆய்வு, ஆப்பிரிக்காவிலிருந்து அது தானாகவே கடலில் மிதந்து போயிருக்க வேண்டும் என்ற பக்கம் சாய்ந்தது. ஏழு மாதம் கடலில் கிடந்தும் உள்ளே நீர் புகாத ஓடு. என் முதல் ஆண்டுக் காய்களோ மாடிப்படிக்குக் கீழே மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை.

ஆடியில் போட்டது

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பதை அப்படியே எடுத்துக்கொண்டேன். ஆடிப்பெருக்கு அன்று விதை ஊன்றினேன். விதைத் திருவிழா ஒன்றில் வாங்கியவை: குடுவைச் சுரை 5 விதை, வாத்துச் சுரை 4 விதை. குடுவைச் சுரை மேலே சிறுத்து, நடுவில் இடுங்கி, கீழே உருண்டிருக்கும். வாத்துச் சுரைக்குக் கழுத்து நீண்டு வளைந்திருக்கும். எட்டு முளைத்தன. கொடி என்றால் கொடி, புரட்டாசிக்குள் பந்தல் தெரியாத அளவுக்கு இலை. பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, "இந்த வருசம் தெருவுக்கே சுரைக்காய் நீதான்" என்றார்.

காய் பிடித்தது புரட்டாசிக் கடைசியில். மொத்தம் 11. அதில் 3 பிஞ்சிலேயே மஞ்சளாகி விழுந்தன. உடைத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைப் புழு. பழ ஈயின் வேலை. மிச்சம் 8 நன்றாகப் பருத்தன. அப்புறம் ஐப்பசி பிறந்தது.

மதுரைக்கு ஆண்டு மழையில் பெரும் பங்கு வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. நாள் கணக்கில் ஈரம். இலையின் மேல்பக்கம் மஞ்சள் கட்டங்களாக, கீழ்ப்பக்கம் சாம்பல் பூத்தாற்போல அடிச்சாம்பல் நோய் வந்தது. இரண்டு வாரத்தில் கொடி எலும்புக்கூடாகிவிட்டது. ஈரச் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்த 2 காய்கள் கொடியிலேயே அழுகின. மிச்சம் 6-ஐயும் கார்த்திகை தொடக்கத்தில் பறித்துவிட்டேன். காம்பு இன்னும் பச்சையாகத்தான் இருந்தது. கொடி செத்துவிட்ட பிறகு காய் அங்கே இருந்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன்.

மாடிப்படிக்குக் கீழே சாக்கு விரித்து அடுக்கினேன். சீக்கிரம் காயட்டும் என்று ஒன்றில் மட்டும் ஆணியால் துளை போட்டேன். அது ஒன்பதாம் நாள் நாறியது, எறும்பு சாரை சாரையாக வந்தது. அடுத்த இரண்டு வாரத்தில் வேறு 4 காய்கள் அடிப்பக்கம் மெத்தென்று ஆகி, தூக்கினால் கையோடு வந்தன. கடைசி ஒன்று மட்டும் காய்ந்தது. ஆனால் வற்றிச் சுருங்கி, ஓடு அப்பளம் மாதிரி மெலிந்திருந்தது. துணியால் துடைக்கும்போதே விரிசல் விட்டது.

அதைத் திண்ணையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அப்பத்தா கேட்டார். "ஏன் தாயி, குடுக்கைக்குப் போடுற சுரைய ஆடியிலயா போடுவாக?"

"ஆடிப்பட்டம் தேடி விதைன்னுதான அப்பத்தா சொல்லுவாங்க?"

"அது கறிக்கி. குடுக்கைக்குன்னா தையில போட்டு, வெயில்ல முத்த விட்டு, ஆடிக் காத்துல காயப் போடணும்."

எனக்கு இது யாரும் சொல்லித் தராத செய்தி. ஆனால் சொன்னதும் விளங்கிவிட்டது. கறிச்சுரையைப் பூ மலர்ந்து இரண்டு வாரத்தில் பறித்துவிடுகிறோம். மழை வந்து கொடி நோயில் விழுவதற்குள் வேண்டிய காயை எடுத்துவிடலாம். குடுக்கைக்கு அப்படியில்லை. பூவிலிருந்து ஓடு இறுகும் வரை இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். காய் முழு அளவுக்குச் சீக்கிரம் வந்துவிடும். அதற்குப் பிறகுதான் தோலுக்கு அடியில் உள்ள அடுக்கு மெல்ல மெல்ல மரத்தன்மை அடைகிறது. அந்த நாட்களில் கொடி உயிரோடு இருக்க வேண்டும், இலை வேலை செய்ய வேண்டும். ஆடியில் போட்டால் சரியாக அந்த நாட்கள் அடைமழையில் மாட்டும். பறித்த பிறகு காய்வதற்கு வேண்டிய இரண்டு மூன்று மாதமும் கார்த்திகை, மார்கழிப் பனியில் போகும். தையில் போட்டால் பங்குனியில் பூ, சித்திரை வைகாசி வெயிலில் ஓடு, ஆனி ஆடிக் காற்றில் உலர்வு. அம்மியை அசைக்கும் ஆடிக் காற்று, காயில் இருக்கும் ஈரத்தை விட்டுவைக்குமா?

தைப்பட்டம்

தை 5 அன்று விதைத்தேன். சுரை விதைக்குத் தோல் தடிப்பு. முந்தைய இரவே வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, அகலமான முனையின் ஓரத்தை நகவெட்டியால் லேசாகக் கிள்ளிவிட்டு ஊன்றினேன். ஆறாம் நாள் முளை எட்டிப் பார்த்தது. ஒன்றரை அடி ஆழ, அகலக் குழிகள் மூன்று. ஒவ்வொன்றிலும் ஒரு கூடை மக்கிய சாணி எரு, இரண்டு கை வேப்பம் புண்ணாக்கு, அடுப்புச் சாம்பல். குழிக்கு மூன்று விதை போட்டு, நான்கு இலை வந்ததும் வலுவானதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிட்டேன். முதல் ஆண்டு எட்டுக் கொடி, இந்த ஆண்டு மூன்றே கொடி. இடமும் காற்றும் இருந்தால் நோய் குறையும் என்பது அந்த ஐப்பசி கற்றுத்தந்தது.

பந்தல் ஆறடி உயரம். மூங்கில் கால்கள், மேலே கட்டுக்கம்பியால் ஓரடிக் கட்டங்கள். குடுக்கைக்குப் பந்தல் முக்கியம். தரையில் கிடந்தால் காய் ஒரு பக்கம் தட்டையாகிவிடும், மண்ணைத் தொட்ட இடம் நிறம் மாறி அழுகும். தொங்கினால்தான் வடிவம் வடிவமாக வரும். வாத்துச் சுரையின் கழுத்து வளைய வேண்டும் என்றால் மட்டும், இளம் பிஞ்சைப் பந்தல் கம்பியின் மேல் சாய்த்து வைக்கலாம்.

கொடி பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளினேன். மாடித்தோட்டக்காரர்கள் 3ஜி கட்டிங் என்று சொல்வது இதைத்தான். சுரையின் தாய்க்கொடியில் பெரும்பாலும் ஆண் பூ. நுனியைக் கிள்ளினால் பக்கக் கொடி வரும். அதன் நுனியையும் கிள்ளினால் மூன்றாம் தலைமுறைக் கொடி வரும். பெண் பூ அதிகம் பூப்பது அங்கேதான். இரண்டாவது முறை கிள்ளும்போது எனக்குக் கை வரவில்லை, அவ்வளவு தளதளவென்று இருந்தது. கிள்ளிய மூன்றாம் வாரம் பிஞ்சோடு கூடிய பூக்கள் வரிசையாக வந்தன. கொஞ்சம் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் பத்து நாள் வெறும் ஆண் பூவாகவே பூத்தால் பயப்பட வேண்டாம். வெயிலும் நீண்ட பகலும் ஆண் பூவைக் கூட்டும்.

இந்த முழு வேலையிலும் எனக்கு மிகப் பிடித்த பொழுது பூ மலரும் நேரம். பூசணி மஞ்சளாகப் பூக்க, சுரை வெள்ளையாக, பொழுது சாயும்போது மலரும். மறுநாள் காலையில் வாடிவிடும். இருட்டில் வரும் அந்துப்பூச்சிகளுக்காகப் பூக்கும் பூ அது. தெருவிளக்கும் வீட்டு விளக்கும் எரியும் எங்கள் பகுதியில் அந்துப்பூச்சி எவ்வளவு வரும் என்று நம்பி இருக்க முடியவில்லை. அதனால் ஆறரை மணிக்கு மேல் டார்ச்சை வைத்துக்கொண்டு நானே செய்தேன். நீண்ட காம்போடு இருப்பது ஆண் பூ. பறித்து, இதழ்களை உரித்துவிட்டு, நடுவில் இருக்கும் மகரந்தத் தண்டைப் பெண் பூவின் நடுவே மெல்லத் தடவினால் போதும். பெண் பூவைத் தேட வேண்டியதே இல்லை. பூவுக்குக் கீழே விரல் நுனி அளவில் ஒரு குட்டிக் குடுக்கை, இடுப்பு ஒடுங்கியபடி, மேலெல்லாம் வெல்வெட் மாதிரிச் சுணையோடு இருக்கும். முழுக் காயின் வடிவமும் அந்த அளவிலேயே தெரியும். அப்பத்தாவும் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்ப்பார்.

22 பெண் பூக்களுக்கு இப்படிச் செய்தேன். 15 பிடித்தன. கொடிக்கு நான்கு என்று 12 காயை மட்டும் விட்டுவிட்டு, மற்ற 3-ஐ இளசாகவே பறித்துக் கூட்டு வைத்தோம். ஒரு கொடியில் பத்துக் காயை விட்டால் பத்துமே மெல்லிய ஓட்டோடு நிற்கும். நான்கு காய்க்குப் போகும் சத்துதான் ஓட்டுக்குத் தடிமன் தருகிறது.

பழ ஈக்குப் பிஞ்சுத் தோல்தான் வேண்டும், ஓடு இறுகிவிட்டால் அதனால் முட்டை வைக்க முடியாது. அதனால் பிடித்த மறுநாளே ஒவ்வொரு பிஞ்சுக்கும் பழைய வேட்டித் துணியில் தைத்த தளர்வான பை. மூன்று வாரம் கழித்துக் கழற்றினேன். பந்தலின் ஓரத்தில் க்யூலூர் என்ற ஈர்ப்புப் பொருளை வைத்த இனக்கவர்ச்சிப் பொறி ஒன்றும் தொங்கியது. அதில் ஆண் ஈக்கள் விழும். ஒரே ஒரு பை கிழிந்திருந்தது, அந்த ஒரு காய்தான் புழுத்தது. இன்னொன்று சித்திரைச் சூறைக்காற்றில் காம்போடு முறிந்து விழுந்தது. பத்து மிஞ்சின. சிவப்பு வண்டு இலையை ஓட்டை போட்டபோது, காலையில் வெயில் ஏறுவதற்கு முன் கையாலேயே பொறுக்கினேன். அந்த நேரத்தில் அவை மந்தமாக இருக்கும். கந்தகத் தூள் மட்டும் போட வேண்டாம். சாம்பல் நோய்க்கு நல்ல மருந்துதான், ஆனால் சுரைக் குடும்பத்து இலைகளைக் கருக்கிவிடும்.

வெயில் காலத்துப் பயிர் என்பதால் தண்ணீர் நிறையக் குடித்தது. காலையும் மாலையும் ஊற்ற வேண்டியிருந்தது. குழியைச் சுற்றித் தென்னை மட்டையும் சருகும் மூடாக்காகப் போட்ட பிறகு ஒரு வேளையாகக் குறைந்தது. வைகாசி பிறந்ததும் தண்ணீரை நானே மூன்று நாளுக்கு ஒரு முறை என்று ஆக்கினேன். அதற்குப் பிறகு வந்த கோடை மழை நாலைந்து நாள் பெய்தபோது நெஞ்சு பதறியது. ஆனால் அதற்குள் ஓடு இறுகத் தொடங்கிவிட்டதால் ஒன்றும் ஆகவில்லை.

பறிக்கும் நாள்

இது பொறுமையின் பகுதி. காய் பெரிதாகி, பார்க்க அழகாக, பறிக்கத் தயாராக இருப்பதுபோலத் தெரியும். தொடக்கூடாது. முதலில் சுணை உதிர்ந்து தோல் வழுவழுப்பாகும். அப்புறம் கரும்பச்சை வெளுத்து, மங்கிய தந்த நிறத்துக்கு வரும். நகத்தை அழுத்தினால் பதியாது. காம்புக்குப் பக்கத்தில் இருக்கும் பற்றுக்கம்பி காயும். கடைசியில் காம்பே பழுப்பாகி மரக்குச்சி மாதிரி ஆகும். அதுதான் நாள். வைகாசிக் கடைசியிலிருந்து ஆனி நடு வரை ஒவ்வொன்றாக, காம்பை இரண்டு அங்குலம் விட்டு, கத்தரிக்கோலால் வெட்டினேன். காம்பைப் பிடித்துத் தூக்கக்கூடாது. காம்பு பிடுங்கிக்கொண்டால் அந்தப் புண் வழியாகத்தான் பூஞ்சை உள்ளே போகும்.

பத்தையும் சோப்புத் தண்ணீரில் துடைத்து, மொட்டை மாடியில் கீற்றுக் கொட்டகையின் கீழே, கம்பிவலைச் சட்டத்தின் மேல் ஒன்றையொன்று தொடாமல் வைத்தேன். நேர் வெயில் வேண்டாம், ஒரு பக்கம் மட்டும் வேகமாகக் காய்ந்து வெடிக்கும். காற்றுதான் வேண்டும். வாரம் ஒரு முறை திருப்பி வைத்தேன்.

மூன்றாம் வாரம் எல்லாவற்றின் மேலும் கறுப்பும் சாம்பலுமாகப் பூஞ்சை படர்ந்தது. முதல் ஆண்டாக இருந்தால் தூக்கி எறிந்திருப்பேன். இது இயல்பு. உள்ளே இருக்கும் நீர் தோல் வழியாக வெளியேறும்போது மேல்தோலில் பூஞ்சை வரும், ஓட்டுக்குக் கெடுதல் இல்லை. அழுத்திப் பார்க்க வேண்டும். கல் மாதிரி இருந்தால் விட்டுவிடலாம். அமுங்கினால் அழுகல். 2 காய்கள் அமுங்கின, எருக்குழிக்குப் போயின. மற்ற 8-ம் வாரத்துக்கு வாரம் எடை இறங்கின. பெரிய குடுவைச் சுரையைப் பறித்த அன்று நிறுத்தேன், 3.4 கிலோ. பத்து வாரம் கழித்து 310 கிராம். ஆவணி முதல் வாரத்தில் ஒரு காலையில் திருப்பி வைக்கும்போது உள்ளே கலகலவென்று விதை உருண்டது. அப்பத்தாவிடம் ஓடிப்போய்க் காதருகே குலுக்கிக் காட்டினேன். "இப்பத்தான் குடுக்க" என்றார்.

ஓட்டிலிருந்து விளக்கு வரை

காய்ந்த குடுக்கையை ஈரச் சாக்கில் ஒரு மணி நேரம் சுற்றி வைத்து, பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரால் தேய்த்தால் மேல்தோலும் பூஞ்சைக் கறையும் சேர்ந்து உரியும். அடியில் தெரியும் ஓட்டின் நிறத்தைப் பார்த்தால் பட்ட பாடெல்லாம் மறந்துபோகும். தேன் நிறம். பூஞ்சை ஓடிய இடங்களில் மட்டும் கரும்பழுப்பு மேகங்கள். யாரும் தீட்ட முடியாத ஓவியம் அது. அதன் மேல் பெயின்ட் அடிக்க எனக்கு மனம் வரவில்லை. குழந்தைகளுக்காக ஒன்றை மட்டும் வண்ணம் பூசக் கொடுத்தேன்.

அறுப்பதற்குச் சிறிய ஆக்சா பிளேடு போதும். முதலில் கத்தி நுனியால் ஒரு கீறல் போட்டு, அதில் பிளேடை நுழைத்து, அவசரப்படாமல் அறுக்க வேண்டும். நான் ஒன்றை அவசரத்தில் அழுத்தி, பிளந்துவிட்டேன். அப்படித்தான் 8, 7 ஆனது. உள்ளே காய்ந்த குடல் பஞ்சு மாதிரி இருக்கும். சுரண்டும்போது பறக்கும் தூசு மூக்கிலும் தொண்டையிலும் கடுமையாக எரியும். முகக்கவசம் இல்லாமல் தொடவே கூடாது. முதல் குடுக்கையை அப்படிச் சுரண்டி இரண்டு நாள் இருமினேன். குறுகிய வாய் உள்ளதற்கு அப்பத்தா சொன்ன வழி வேறு. வாய் வழியாகத் தண்ணீர் நிரப்பி நாலைந்து நாள் ஊறவிட்டு, ஊறிய குடலைக் கொட்டிவிட்டு, ஒரு கைப்பிடி கூழாங்கல்லும் மணலும் போட்டுக் குலுக்கினால் உள்சுவர் சுத்தமாகிவிடும். வாசனை மோசமாகத்தான் இருக்கும், கொல்லையில் வைத்துச் செய்ய வேண்டும்.

விளக்குக்குத் துளைகளை முதலில் பென்சிலால் குறித்துக்கொண்டேன். கோலப்புள்ளி மாதிரி நேர்ப்புள்ளி, இடைப்புள்ளி. வளைந்த பரப்பில் புள்ளிகளை ஒரே இடைவெளியில் வைப்பது கஷ்டம். ஒரு நூலைக் குடுக்கையின் இடுப்பில் சுற்றி, நூலை நான்காக, எட்டாக மடித்துப் பங்கிட்டேன். 2, 3, 5 மில்லிமீட்டர் துளைப்பான்கள். மாட்டிய பல்பு 3 வாட் எல்இடி. பழைய குண்டு பல்பு போட்டால் சூட்டில் ஓடு கருகும், தீப்பிடிக்கவும் கூடும். வெளிப்புறத்துக்கு ஆளிவிதை எண்ணெய் இரண்டு பூச்சு, உட்புறத்துக்கு வேப்பெண்ணெய். இல்லையென்றால் உளுத்துக் கொட்டும்.

7-இல் மூன்று விளக்கு. இரண்டு, காய்ந்த நாணல் பூ வைக்கும் சாடிகள். ஒன்று குழந்தைகள் வண்ணம் பூசியது. கடைசி ஒன்று எங்கே போனது என்று பிறகு சொல்கிறேன்.

சின்ன அலங்காரச் சுரைகள்

இதே தைப்பட்டத்தில் வேறொரு சோதனையும் நடந்தது. மேலை நாட்டு வீடுகளில் கூடையில் அடுக்கி வைப்பார்களே, உள்ளங்கை அளவில், மஞ்சளும் பச்சையும் வெள்ளையுமாக, கோடும் பருவுமாக இருக்கும் சின்னக் காய்கள். அவற்றை அலங்காரச் சுரை என்று விற்கிறார்கள். உண்மையில் அவை சுரை இனமே இல்லை. வட அமெரிக்காவைச் சேர்ந்த பூசணி வகை, சுக்கினி என்ற மேல்நாட்டுக் காய்கறியின் நெருங்கிய உறவு. பூ மஞ்சள், காலையில் மலரும், தேனீ வரும். இணையத்தில் வாங்கிய பொட்டலத்தில் 6 விதை. பைகளில் ஊன்றினேன், 4 முளைத்தன. பங்குனி வெயிலில் இலை மொசைக் நோய் வந்து சுருண்டது. மொத்தம் 3 காய். இரண்டு காயும்போதே அழுகின. மூன்றாவது காய்ந்தது, ஆனால் பொட்டலத்துப் படத்தில் இருந்த மஞ்சளும் பச்சையும் இரண்டு மாதத்தில் வெளிறிப்போயின. இவற்றின் ஓடு மெல்லியது, நிறம் நிலைக்காது. அங்கேயும் ஒரு பருவத்துக்கு வைத்து ரசிப்பதற்குத்தான் வளர்க்கிறார்கள். நம் சமவெளி வெயிலில் இதற்குப் படும் பாட்டில் பாதியைக் குடுவைச் சுரைக்குப் பட்டால், பல ஆண்டு வைத்திருக்கக்கூடிய குடுக்கை கிடைக்கும். நான் இனி இதைப் போடமாட்டேன்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். அலங்காரத்துக்கு வளர்ப்பதைச் சமைக்க வேண்டாம். சின்ன அலங்காரக் காய்கள் கடும் கசப்பு. அந்தக் கசப்பு குக்குர்பிட்டசின் என்ற நச்சு. கறிச்சுரையிலும் சில சமயம் அது வந்துவிடும். கசப்பு வகையின் மகரந்தம் பக்கத்துக் கறிச்சுரைப் பூவுக்குப் போனால், அந்தக் காய் நன்றாகவே இருக்கும். அதன் விதையிலிருந்து வரும் அடுத்த கொடியின் காய்தான் கசக்கும். 2010-இல் தில்லியில் கசந்த சுரைச் சாறு குடித்து ஒருவர் இறந்துபோனார். அதற்குப் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த வல்லுநர் குழு, சுரைச் சாறு கசந்தால் குடிக்கவே கூடாது என்று அறிவுறுத்தியது. கூட்டுக்காக அந்த 3 இளங்காய்களை எடுத்தபோது, ஒவ்வொன்றிலும் ஒரு சிறு துண்டைப் பச்சையாக நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் நறுக்கினேன். கசப்பு தெரிந்தால் துப்பிவிட்டுக் காயை எறிந்துவிட வேண்டும். விதைக்கு வைக்கும் காயின் பெண் பூவையும், மகரந்தம் எடுக்கும் அதே வகை ஆண் பூவையும் மலர்வதற்கு முன்பே துணிப்பையால் மூடி, கையால் மகரந்தம் சேர்த்து, பெண் பூவை மறுபடி மூடிவிட்டால் கலப்பு வராது. அப்படி மூடிய இரண்டு காய்களுக்கு மட்டும் காம்பில் சிவப்பு நூல் கட்டி வைத்திருந்தேன்.

செலவு என்று பார்த்தால் மூங்கிலும் கம்பியும்தான், சுமார் 1,900 ரூபாய். பந்தல் இன்னும் நிற்கிறது. கொடி போன பிறகு அதில் அவரை ஏறியிருக்கிறது.

அந்த ஏழாவது குடுக்கையை அப்பத்தா எடுத்துக்கொண்டார். அதில் துளை போடக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். உச்சியில் மட்டும் ஒரு ரூபாய் அகலத்துக்கு வாய் திறக்கச் சொன்னார். சிவப்பு நூல் கட்டிய காய்களின் விதைகளைச் சாம்பலில் புரட்டி, நிழலில் உலர்த்தி, அவரே உள்ளே போட்டார். வாயில் துணியைத் திணித்து, மேலே சாணி மெழுகி, அடுப்படி உத்தரத்தில் கயிறு போட்டுக் கட்டச் சொன்னார். நான் விளக்குகளை மாட்டிய அன்று வந்தவர்கள் எல்லாரும் வரவேற்பறையைத்தான் அண்ணாந்து பார்த்தார்கள். அப்பத்தா மட்டும் அடுப்படிப் பக்கம் கை காட்டி, "தை பொறந்ததும் அத எறக்கு" என்றார்.